சர்க்கரை இறங்கிவிட்டது என்று மகிழும் முன்

ஒரு காலத்தில் சிறுநீரில் சர்க்கரை உண்டா என்று அறிய, பெனடிக்ட் என்ற நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார்கள். நீலம் மாறாவிட்டால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் கலக்கம். சோதனைக் குழாய் போய்விட்டது. "யூரினில் சர்க்கரை நில்" (அதாவது இல்லை) என்ற வரியைப் பார்த்து நோயே இல்லை என்று முடிவு கட்டும் பழக்கம் போகவில்லை.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதனுடன் இறங்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 160 முதல் 180 கிராம். நலமாக உள்ளவரிடம் அது அனேகமாக முழுவதும் இரத்தத்துக்கே மீட்கப்படுகிறது. அதில் பெரும்பகுதியைச் சுமப்பது எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம். இரத்தச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் மிச்சம் சிறுநீரில் வழியும். வெறும் வயிற்றில் 126 என்பதே நீரிழிவு. ஆகவே 150 உள்ளவரின் சிறுநீரிலும் சர்க்கரை தென்படாமல் போகலாம். நீரிழிவு நாள்பட்டால் இந்த வரம்பு இன்னும் உயர்வதுண்டு. வேண்டாத நேரத்தில் வரும் சிக்கனம்! கர்ப்பிணிகளுக்கோ வரம்பு தாழ்ந்து, இரத்தத்தில் சரியாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை தெரியலாம்.

டாபாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் அந்தப் புரதத்தைத்தான் தடுக்கின்றன. சாப்பிடுபவரின் சிறுநீரில் சர்க்கரை கொட்டும். அதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்துவது தவறு. ஆனால் வாந்தி, பேதி, பட்டினி நாட்களில் மருத்துவரைக் கேட்காமல் தொடர்வதும் தவறு. சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும்.

என்னைக் கேட்டால், மிக ஆபத்தானது வேறொன்று. பல ஆண்டுகளாக 30 யூனிட் இன்சுலின் போட்டவருக்கு 18 போதுமானதாகிறது. "பத்தியம் பலித்துவிட்டது" என்று வீடே மகிழ்கிறது. உண்மையில் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். இன்சுலினைச் சிதைத்து அகற்றுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அது சுணங்கினால் போட்ட ஊசி நெடுநேரம் வேலை செய்யும். பட்டினி நேரத்தில் சிறுநீரகமே குளுக்கோஸ் தயாரித்துத் தருவதும் குறைந்துவிடும். விளைவு, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, விடியற்காலையில் சட்டை நனைய வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறுவது. கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மாத்திரையும் இப்படி உடலில் தேங்கிச் சர்க்கரையை இழுத்துப்போடும்.

கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி அளவும் இங்கே ஏமாற்றலாம். சிறுநீரகச் செயலிழப்பில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதால் அது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். காரணமின்றி இன்சுலின் தேவை குறைந்தால், இனிப்பு வாங்கும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தக் கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பாருங்கள்.