போசிக்ஸ் பதிப்பை சி நிரலில் அறிவிக்கும் முறை

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக்ஓஎஸ் மூன்றிலும் ஓட வேண்டிய சி நிரலுக்கு, எந்தத் தரநிலை வேண்டும் என்பதை ஹெடர் கோப்புகளிடம் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகளைக் கொண்டவை) முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐஎஸ்ஓ சி, போசிக்ஸ் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலை), அதை உள்ளடக்கிய சிங்கிள் யுனிக்ஸ் ஸ்பெசிஃபிகேஷன், பிஎஸ்டி மரபு, ஜிஎன்யு நீட்சிகள் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒரே பெயருக்கு இரண்டு பொருள் அமைவதுண்டு.

பிழை எண்ணுக்கான செய்தியைத் தரும் ஸ்ட்ர்எரர்_ஆர் ஃபங்ஷன் இதற்குத் தெளிவான சான்று. போசிக்ஸ் வடிவம் பிழைச் செய்தியை நாம் தரும் பஃபரில் (நினைவக இடத்தில்) எழுதி, ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும். ஜிஎன்யு வடிவமோ செய்தியைச் சுட்டும் பாயின்டரைத் தரும், நம் பஃபரைத் தொடாமலே விட்டுவிடவும் கூடும். பின்னதை அழைத்துவிட்டுப் பஃபரை அச்சிட்டால் குப்பைதான் வரும். எந்த வடிவம் கிடைக்கும் என்பதை, ஹெடர்கள் பார்க்கும் மேக்ரோ எனும் பெயர்களே தீர்மானிக்கின்றன. லினக்ஸில் ஜி++ கம்பைலர், ஜிஎன்யு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் _ஜிஎன்யு_சோர்ஸ் மேக்ரோவைத் தானாகவே வரையறுத்துவிடுவதால், சி++ கோப்புகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பொதுவாக _போசிக்ஸ்_சி_சோர்ஸ் மேக்ரோவுக்கு 200809 என்ற மதிப்பு போதும். அது 2008 பதிப்பைக் குறிக்கிறது. கோப்புறை மரத்தைச் சுற்றிவரும் என்எஃப்டிடபிள்யூ போன்ற எக்ஸ்எஸ்ஐ (போசிக்ஸின் விருப்ப நீட்சி) ஃபங்ஷன்கள் தேவைப்பட்டால் _எக்ஸ்ஓபன்_சோர்ஸ் மேக்ரோவுக்கு 700 எனத் தருக. போசிக்ஸ் 2008 அதனுள்ளேயே அடங்கும். வரையறையை முதல் ஹெடருக்கு முன்பே எழுத வேண்டும், ஏனெனில் லினக்ஸில் பரவலாக உள்ள சி நூலகமான ஜிலிப்சி முதல் ஹெடரைப் படிக்கும்போதே எதைக் காட்டுவது என்று தீர்மானித்துவிடுகிறது. கம்பைல் கட்டளையிலேயே கொடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

இத்தகைய மேக்ரோ சிலவற்றைக் காட்டுவதோடு சிலவற்றை மறைக்கவும் செய்யும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மேக்ஓஎஸ்ஸில் போசிக்ஸை மட்டும் கேட்டால், சரத்தை நகலெடுக்கும் ஸ்ட்ர்எல்சிபிஒய் ஃபங்ஷன் அறிவிக்கப்படாது. _டார்வின்_சி_சோர்ஸ் மேக்ரோவையும் சேர்த்தால்தான் அது திரும்பும். நிரலைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் யுஸ்லீப், போசிக்ஸின் 2008 பதிப்பிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்கு நானோஸ்லீப் பயன்படுத்துக. நீட்சிகள் தவிர்க்க முடியாதவை என்றால், அவற்றைத் தனியொரு கோப்பில் ஒதுக்கி, அங்கு மட்டும் கூடுதல் மேக்ரோவைக் கொடுப்பதே என் பரிந்துரை. ஆனால் _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் மேக்ரோவின் மதிப்பு மட்டும் எல்லாக் கோப்புகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையேல் 32 பிட் கணினியில், கோப்பின் நீளத்தையும் இடத்தையும் குறிக்கும் ஆஃப்_டி வகையின் அளவு கோப்புக்குக் கோப்பு மாறிவிடும்.

விருப்ப வசதிகளுக்கு யுனிஸ்டிடி ஹெடரில் உள்ள மாறிலிகளைப் பார்க்கவும். மதிப்பு -1 என்றால் அந்த வசதி இல்லை. 0-க்கு மேல் என்றால் உண்டு. 0 என்றால், நிரல் ஓடும்போது சிஸ்கான்ஃப் ஃபங்ஷன் வழியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.