மொத்தம் சரி, வகை தப்பு: எலெக்டிவ் எடுக்கும் பொறியியல் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடப் படிவம் கைக்கு வரும். அதுவரை கல்லூரி கொடுத்த பாடத்தைக் கேள்வி கேட்காமல் படித்து வந்தவர்களிடம், 'உனக்கு எது வேண்டும்?' என்று முதல்முறையாகக் கேட்கிறார்கள். பெரும்பாலோர் பக்கத்தில் இருப்பவன் எழுதியதைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் படித்த நாளிலும் இப்படித்தான். இப்போது வகுப்பு ஆலோசகராக அந்தப் படிவங்களைச் சரிபார்க்க உட்கார்ந்தால், எங்கள் பழைய கோளாறுகளே வேறு வேறு கையெழுத்தில் வந்து சேர்கின்றன.

கடைசித் தேதியைத் தவறவிடுவது, பாடக் குறியீட்டை மாற்றி எழுதுவது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதையெல்லாம் ஆபீஸிலேயே பிடித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் ஃபைனல் இயர் வரை கூடவே வருகிற தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். உதாரணங்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (அந்த ஆண்டின் பாடத்திட்ட, தேர்வு விதிகளில்) படிக்கும் இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கானவை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் எண்கள் மாறும், சறுக்கும் இடங்கள் அநேகமாக மாறாது.

## மொத்த கிரெடிட்டை மட்டும் கூட்டிப் பார்ப்பது

இந்த ஒன்றைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் பட்டத்துக்கு மொத்தம் 160 கிரெடிட் என்று வைத்தது. அதில் தன் துறைக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் புரொஃபஷனல் எலெக்டிவுக்கு 18, அடுத்த துறையிலிருந்து எடுக்கும் ஓபன் எலெக்டிவுக்கு 18. அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு ஆறு புரொஃபஷனல் எலெக்டிவ், நான்கு ஓபன் எலெக்டிவ். ஒவ்வொன்றும் 3 கிரெடிட். ஆக 18, 12.

பட்டம் கொடுக்கும்போது மொத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. வகைவாரியாகவும் பார்க்கிறார்கள். ரேஷன் கடையில் வாங்காமல் விட்ட அரிசிக்குப் பதிலாகச் சர்க்கரையைக் கூடுதலாகக் கேட்க முடியுமா? அதே கதைதான். புரொஃபஷனல் எலெக்டிவ் ஒன்று கூடுதலாகப் படித்திருந்தாலும் ஓபன் எலெக்டிவில் மூன்று கிரெடிட் குறைந்தால் குறைந்ததுதான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் ஒருவன். நல்ல மார்க், அரியர் இல்லை, கேம்பஸில் வேலையும் கிடைத்துவிட்டது. ஐந்தாம் செமஸ்டரிலேயே ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெலில் 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' (ஐஓடி) அறிமுகப் பாடம் ஒன்றை 12 வாரம் ஒழுங்காகப் படித்து, நேரில் போய்த் தேர்வும் எழுதி, நல்ல மதிப்பெண்ணோடு சான்றிதழ் வாங்கி வைத்திருந்தான். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். ஒரு ஓபன் எலெக்டிவ் முடிந்தது என்று அவன் கணக்கு. ஏழாம் செமஸ்டரில் மூன்று ஓபன் எலெக்டிவ் எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டை மட்டும் பதிவு செய்தான். மிச்ச நேரத்தில் இன்டர்வியூவுக்குத் தயாராகலாம் அல்லவா? 'சீனியர் ஒருத்தர் இப்படித்தான் செஞ்சார் சார்' என்றான்.

அந்த சீனியர் மெக்கானிக்கல். சிக்கல் அங்கேதான். ஓபன் எலெக்டிவ் என்றால் அடுத்த துறையின் பாடம். மெக்கானிக்கல் மாணவருக்கு அந்தப் பாடம் அடுத்த துறையுடையது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கோ ஆறாம் செமஸ்டரில் 'எம்பெடெட் சிஸ்டம்ஸ் அண்ட் ஐஓடி' கட்டாயப் பாடமாகவே வருகிறது. தன் துறையின் கட்டாயப் பாடத்தோடு பாதிக்கு மேல் ஒத்துப்போகிற ஒன்றை ஓபன் எலெக்டிவாக எப்படி ஏற்பார்கள்? அதோடு, படிக்கத் தொடங்கும் முன் அனுமதியும் வாங்கவில்லை. சான்றிதழ் நல்ல சான்றிதழ், ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ளலாம், கிரெடிட்டுக்கு ஆகாது என்று பதில் வந்தது.

வந்தது எப்போது? எட்டாம் செமஸ்டரில். அவன் அப்போது இன்னொரு ஊரில் புராஜெக்டுக்காக ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்திருந்தான். எட்டாம் செமஸ்டரில் எங்கள் பக்கம் ஓபன் எலெக்டிவ் வகுப்பே நடக்கவில்லை. அடுத்த ஏழாம் செமஸ்டர் ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்த ஒற்றைப் பாடத்தை முடிக்க வேண்டியிருந்தது. கூடப் படித்தவர்கள் புரொவிஷனல் சான்றிதழோடு வேலைக்குப் போனார்கள். இவனுக்கு நிறுவனம் சேரும் தேதியைத் தள்ளி வைத்தது. அப்புறம் அங்கிருந்து மெயில் வரவே இல்லை. ஒரு பாடத்துக்காக.

எனக்கு எரிச்சல் பையன் மேல் மட்டும் இல்லை. ஏழாம் செமஸ்டர் பதிவுப் படிவத்தில் ஒரு பாடம் குறைவாக இருந்தபோது 'என்பிடெல் முடிச்சிட்டேன்' என்று அவன் சொன்னதைக் கேட்டு, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்காமல் கையெழுத்துப் போட்ட பெரியவர்களும் இருக்கிறார்கள். கையெழுத்து இருந்தால் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று மாணவன் நம்புகிறான். மாணவன் பார்த்திருப்பான் என்று கையெழுத்துப் போடுகிறவர் நம்புகிறார்.

இதைத் தவிர்க்க ஒரு தாள் போதும். பாடத்திட்ட பிடிஎஃபில் எட்டு செமஸ்டர் அட்டவணைகளுக்குப் பின்னால் 'சம்மரி' என்று சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். எந்த வகைக்கு எந்த செமஸ்டரில் எத்தனை கிரெடிட் என்று அதில் போட்டிருப்பார்கள். பெரும்பாலான மாணவர்கள் அந்தப் பக்கம் வரை உருட்டுவதே இல்லை. அதைப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் பிறகு பாஸான பாடத்தை அதன் வகைக்கு நேராக எழுதிக்கொண்டே வாருங்கள். எந்த வகை என்று சந்தேகம் வந்தால் அந்தப் பாடத்தை எழுதாதீர்கள், துறைத் தலைவரிடம் கேளுங்கள். ஆன்லைன் பாடம் என்றால், சேரும் முன்பே 'இந்தப் பாடம், இந்த எலெக்டிவுக்குப் பதிலாக' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் 'ஓகே' என்று வந்ததெல்லாம் எழுத்து ஆகாது. ஏழாம் செமஸ்டர் பதிவு நாளில் அந்தத் தாளோடு ஆலோசகர் முன்னால் போய் நில்லுங்கள். அவர் அவசரத்தில் இருந்தாலும் உங்கள் தாள் அவரைக் கொஞ்சம் நிறுத்தும்.

## ஒரே வரிசையில் இரண்டு பாடம் எடுப்பது

புரொஃபஷனல் எலெக்டிவ்களை 'வெர்டிகல்' என்ற பெயரில் பத்தி பத்தியாக அடுக்கியிருப்பார்கள். டேட்டா சயின்ஸ் ஒரு பத்தி, ஃபுல் ஸ்டாக் ஒரு பத்தி, கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று நீளும். ஆறையும் ஒரே பத்தியில் எடுக்கலாம், கலந்தும் எடுக்கலாம். ஆனால் குறுக்குவாட்டில், ஒரே வரிசையில் உள்ள பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு ஒன்றுதான். அதே வரிசையில் இரண்டாவது வேண்டும் என்றால் ஒன்றை ஐந்தாம் செமஸ்டரிலும் மற்றதை ஆறாம் செமஸ்டரிலும் எடுக்க வேண்டும்.

எல்லோரும் பத்தியைப் பார்க்கிறார்கள், வரிசையைப் பார்ப்பதில்லை. ஐந்தாம் செமஸ்டரில் இரண்டைத் தோன்றியபடி எடுத்துவிட்டு, ஆறாம் செமஸ்டரில் வேண்டிய நான்கும் வரிசையில் மோதுகிறதே என்று வருவார்கள். ஆறையும் முதல் நாளே பென்சிலால் குறித்துவிடுங்கள். கல்லூரி எல்லா வெர்டிகலையும் நடத்தாது, போதிய ஆள் சேராத பாடம் ரத்தாகும். அதனால் மாற்றுக்கு இரண்டு பாடம் கையில் இருக்கட்டும்.

## என்பிடெலில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைப்பது

சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். வாரா வாரம் அசைன்மென்ட் போட்டுவிட்டு தேர்வுப் பதிவை மறந்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. கிரெடிட் தேர்வுக்குத்தான், வீடியோ பார்த்ததற்கு இல்லை.

அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் உண்டு: 25-க்கு 10, 75-க்கு 30. தேர்வில் 60 வாங்கிவிட்டு அசைன்மென்ட்டில் 8-ஓடு நின்றால் சான்றிதழ் கிடையாது. 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த எட்டு அசைன்மென்ட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒன்றிரண்டு வாரம் செமஸ்டர் தேர்வில் போனாலும் பயப்பட வேண்டாம்.

எட்டு வாரப் பாடம் 2 கிரெடிட்தான். 3 கிரெடிட் எலெக்டிவுக்குப் பதிலாக அதைக் காட்டிக்கொண்டு வராதீர்கள்.

இன்னொன்று, ஃபைனல் இயர் ஜனவரியில் தொடங்கும் பாடத்தை நம்பி எதையும் மிச்சம் வைக்காதீர்கள். அதன் தேர்வே ஏப்ரலில்தான். ரிசல்ட் வந்து, கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்வதற்குள் வேலைக்குச் சேரும் தேதி வந்துவிடும்.

## ஆனர்ஸ், மைனர் என்று பெயரைப் பார்த்துச் சேர்வது

வழக்கமான ஆறு புரொஃபஷனல் எலெக்டிவையும் ஒரே வெர்டிகலில் எடுத்தால் பட்டத்தோடு ஆனர்ஸ் என்ற கூடுதல் தகுதியும் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். கிடைக்காது. அதற்கு மேல் இன்னும் 18 கிரெடிட் படிக்க வேண்டும். தன் துறைப் பாடங்களில் படித்தால் ஆனர்ஸ், வேறு துறையின் ஒரு வெர்டிகலில் படித்தால் மைனர். ஆனர்ஸுக்கு எல்லாப் பாடமும் முதல் முயற்சியிலேயே பாஸாகியிருக்க வேண்டும், சிஜிபிஏ 7.5-க்குக் குறையக் கூடாது. 18 கிரெடிட் என்றால் ஆறு பாடம், ஆறு இன்டர்னல், ஆறு செமஸ்டர் தேர்வு. பிளேஸ்மென்ட் நடக்கும் அதே மாதங்களில். ஏற்கெனவே ஒரு அரியர் விழுந்தவர் ஆனர்ஸ் படிவத்தை வாங்கவே வேண்டாம்.

## 'மார்க் போடுவார்' என்று ஆளைப் பார்த்து எடுப்பது

தியரிப் பாடம் என்றால் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 60-ஐத் திருத்துவது அவர் இல்லை.

## கேட் தேர்வுக்கு உதவும் என்று எலெக்டிவ் எடுப்பது

எம்.டெக் சேர்க்கைக்கு எழுதும் கேட் தேர்வின் சிலபஸ் பெரும்பாலும் உங்கள் கட்டாயப் பாடங்கள்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் ஆபரேட்டிங் சிஸ்டம், டிபிஎம்எஸ், நெட்வொர்க், அல்காரிதம் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்தவை. அவற்றைத் திரும்பப் படிப்பதற்கு எலெக்டிவ் தேவையில்லை. 2024 முதல் டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ என்று தனித் தாள் வந்திருக்கிறது. அதை எழுத நினைக்கிறவருக்கு மட்டும் டேட்டா சயின்ஸ் பத்தி நேரடியாகக் கைகொடுக்கும்.

## பூஜ்ய கிரெடிட் பாடத்தை அலட்சியம் செய்வது

மேன்டேட்டரி கோர்ஸுக்கு கிரெடிட் இல்லை. முடிக்காமல் பட்டமும் இல்லை.

## தோற்றால் வேறு எலெக்டிவுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற தைரியம்

மாறலாம், விதி இடம் கொடுக்கிறது. ஆனால் புதிய பாடம் என்றால் புதிதாகப் பதிவு, வகுப்புக்கு வருவது, வருகைப்பதிவு எல்லாம் முதலிலிருந்து. ஐந்தாம் செமஸ்டரில் தோற்றவருக்கு இது சரியான வழி. ஏழாம் செமஸ்டரில் தோற்றவருக்கு வகுப்பில் உட்கார செமஸ்டரே மிச்சம் இருக்காது. அவர் அதே பாடத்தை அரியராக எழுதி முடிப்பதே மேல், அது எவ்வளவு பிடிக்காத பாடமாக இருந்தாலும்.

## இடையில் படிப்பை விட்டுவிட்டு வந்தவர்கள்

மறுபடி சேரும்போது ரெகுலேஷன் மாறியிருந்தால் பழைய எலெக்டிவ் எதற்குச் சமம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வாங்கிவிட்டு வகுப்புக்குப் போங்கள். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களும் தங்களுக்கு எந்த ரெகுலேஷன் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

## சிலபஸைச் சேமிக்காமல் விடுவது

எம்எஸ் விண்ணப்பத்தின்போது சில பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பாடத்திலும் என்ன படித்தீர்கள் என்று விவரம் கேட்கும். கட்டாயப் பாடங்களின் சிலபஸ் எங்கேயாவது கிடைத்துவிடும். யாரும் எடுக்காத எலெக்டிவின் சிலபஸைத் தேடித்தான் பழைய மாணவர்கள் எனக்கு மெயில் போடுகிறார்கள். ரெகுலேஷன் மாறிய பிறகு கல்லூரி இணையதளத்தில் பழைய கோப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாடத்தைப் பதிவு செய்யும் அன்றே அதன் பக்கங்களை இறக்கி, கிரெடிட் தாள் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.