ஆட்டிசம் உள்ளவர் கார் பழகும்போது: வீட்டிலும் டிரைவிங் ஸ்கூலிலும் நடக்கும் தவறுகள்

18 வயது முடிந்ததும் "நானும் கார் ஓட்டணும்" என்று பிள்ளை கேட்கும்போது, ஆட்டிசம் உள்ளவரின் வீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. "உனக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். இல்லையென்றால் பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூலில் எல்லோரையும் போலப் பணம் கட்டிச் சேர்த்துவிட்டு, ஆட்டிசம் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்துவிடுவார்கள். இரண்டுமே தவறுதான்.

முதல் தவறு: ஆட்டிசம் என்றாலே ரோட்டுக்கு ஆபத்து என்று முடிவுகட்டுவது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், நியூஜெர்சி மாநிலப் பதிவுகளை வைத்து 2021-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உரிமம் வாங்கிய ஆட்டிசம் உள்ள இளைஞர்கள், மற்ற இளைஞர்களைவிட அதிகமாக விபத்தில் சிக்கவில்லை. விதிமீறல் வழக்கும், உரிமம் முடக்கப்படுவதும் இவர்களிடம் நன்றாகவே குறைவு. வேகத்தால் வந்த விபத்தும் குறைவு. ஆனால் வழிவிட வேண்டிய இடத்தில் விடாததாலும், இடப்பக்கமோ யூ-டர்னோ திரும்பும்போதும் நடந்த விபத்துகளின் பங்கு கூடுதல். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன; அவர்களுடைய இடது திருப்பம் நமக்கு வலது திருப்பம். இது உரிமம் வரை வந்துசேர்ந்தவர்களைப் பற்றிய கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. எல்லோராலும் முடியும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

அந்த வலது திருப்பத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிக்னல் இல்லாத முனையில் வலப்பக்கம் திரும்புவதற்கு விதி மட்டும் தெரிந்தால் போதாது. எதிரே வருபவன் நிற்பானா, மாட்டானா என்று அவன் வேகத்தையும் தலையசைப்பையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். சொல்லாமல் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. நம் பயிற்சி முறையில் மற்றவையும் அப்படித்தான், யாரும் வாயைத் திறந்து விளக்காமலேயே கடந்துபோகின்றன. ஆட்டிசம் உள்ளவர் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். பதினேழு வயதிலேயே பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, "அந்த பஸ் இப்போ என்ன செய்யும், ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போவது எந்த டிரைவிங் ஸ்கூலையும்விட நல்ல தொடக்கம்.

பயிற்சியாளரிடம் சொல்லாமல் விடுவது

காலை ஆறரை மணி டிரைவிங் ஸ்கூல் காரை ஒருமுறை கவனியுங்கள். ஓட்டுபவர் ஒருவர், பின்சீட்டில் முறைக்குக் காத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர். பயிற்சியாளரின் வலது கை பாதி நேரம் ஸ்டியரிங்கின் மேல்தான் இருக்கும். "ஒடி ஒடி… போதும் போதும்… பார்த்துப் போ… கிளட்ச், கிளட்ச்!" இதில் ஒன்றாவது முழுக் கட்டளையா? எவ்வளவு ஒடிக்க வேண்டும், எதைப் பார்த்துப் போக வேண்டும், கிளட்சை மிதிக்க வேண்டுமா விட வேண்டுமா, எதுவும் அதில் இல்லை. மற்ற பிள்ளைகள் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆட்டிசம் உள்ளவர் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு திகைத்து நிற்பார். அந்த நேரம் பார்த்து பயிற்சியாளர் கையைப் பிடித்துத் திருப்பினால், தொடுதல் பிடிக்காத பிள்ளைக்கு ரோடு மொத்தமும் மறந்துபோகும்.

ஆகவே சேர்க்கும் அன்றே பேசுங்கள். மருத்துவ அறிக்கையை நீட்ட வேண்டியதில்லை. நாலே விஷயம் போதும்: திருப்பத்தில் அல்ல, அதற்கு முன்னாலேயே சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, தொடுவதற்கு முன் "கை வைக்கிறேன்" என்று சொல்லுங்கள், பின்சீட்டில் ஆள் வேண்டாம். "கொஞ்சம் ஒடி" என்பதற்குப் பதில் "ஸ்டியரிங்கை அரைச் சுற்று வலப்பக்கம்" என்று சொல்லும் பயிற்சியாளர் கிடைத்தால், அவர் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கேட்டாலும் விடாதீர்கள். நடுவில் ஆள் மாற்றக் கூடாது, காரும் மாறக் கூடாது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காரில் கிளட்ச் பிடிக்கும் இடம் இன்னொரு காரில் இருக்காது; அது இவர்களுக்குப் பெரிய விஷயம்.

"எங்ககிட்ட பத்து நாள் பேக்கேஜ்தான் சார், எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லும் இடத்திலிருந்து வணக்கம் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

எல்லாவற்றையும் சேர்த்து ஆரம்பிப்பது

கிளட்ச், கியர், கண்ணாடி, ஹாரன், எதிரே வரும் மாடு. முதல் நாளே இத்தனையும் ஒன்றாக வந்தால் யாருக்கும் கஷ்டம். ஒவ்வொன்றையும் தனியாகப் பழக்கி, அது கைக்குத் தானாக வந்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் மட்டும். அப்புறம் கிளட்ச். அப்புறம் விடிகாலைத் தெரு. கண்ணாடி பார்ப்பதை நிற்கும் காரிலேயே பழக்கலாம்.

ஆட்டோமேட்டிக் கார் ஏமாற்று வேலை என்று நினைக்கும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். கியர் போடும் சுமை போனால் கண்ணும் மூளையும் ரோட்டுக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். இந்தியாவில் கியர் காருக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் எல்.எம்.வி. (இலகுரக வாகனம்) என்ற ஒரே வகை உரிமம்தான். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. டிரைவிங் ஸ்கூல் கார்கள் பெரும்பாலும் கியர் வண்டிகள். பயிற்சியாளர் பக்கம் தனி பிரேக் இருப்பது அதில்தான். வீட்டு ஆட்டோமேட்டிக்கில் அது இருக்காது. என்னைக் கேட்டால், நினைத்த இடத்தில் நிறுத்த வரும்வரை ஸ்கூல் கார். அதற்குப் பிறகு வீட்டு வண்டி.

இதை வைத்தே இன்னொன்றும் சொல்லிவிடலாம். "முதல்ல ஸ்கூட்டி பழகட்டும், கார் அப்புறம்" என்பது பல வீடுகளில் கேட்கும் பேச்சு. ஸ்கூட்டியில் பக்கத்தில் ஆள் இல்லை, இரண்டாவது பிரேக்கும் இல்லை. பதற்றத்தில் உறைந்துபோகும் பழக்கம் உள்ளவருக்கு அது காரைவிட ஆபத்து.

விதி தெரிந்தால் போதும் என்று நம்புவது

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தேர்வு இவர்களில் பலருக்குச் சுலபம். அடையாளப் பலகைகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் ரோட்டில் இறங்கினால், ஒருவழிப் பாதையில் எதிரே பைக் வருகிறது, மூன்று பேரோடு. புத்தகத்தில் அப்படி ஒரு படம் இல்லை. சிலருக்குக் கோபம் வரும், சிலர் நடுரோட்டில் நின்றுவிடுவார்கள். "நம்ம ஊரு அப்படித்தான்டா" என்று சொல்லி எந்தப் பயனும் இல்லை.

எழுதாத விதிகளை எழுதிக் கொடுங்கள். நோட்டில், எண் போட்டு. உதாரணத்துக்குச் சில:

எதிர்த்திசையில் பைக் வந்தால் வேகத்தைக் குறை, உன் தடத்திலேயே இரு. அவரைத் திருத்துவது நம் வேலை இல்லை.

குறுகிய பாலத்தில் எதிரே வரும் பஸ் லைட்டை அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம்.

முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால், அது வலப்பக்கம் திரும்பலாம், அல்லது "என்னை முந்திப் போ" என்று சொல்லலாம். இரண்டில் எது என்று நமக்குத் தெரியாது. ஆகவே முந்தாதே.

ஆட்டோ சிக்னல் போட்டு நிற்கும் என்று எதிர்பார்க்காதே. டிரைவரின் தலை ஓரமாக நிற்கும் ஆள் பக்கம் திரும்பினால், ஆட்டோ நிற்கப்போகிறது.

பின்னால் ஹாரன் அடித்தால் அது திட்டு இல்லை. பெரும்பாலும் "நான் இங்கே இருக்கிறேன்" என்பதுதான்.

கடைசி வரி சின்னதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஹாரனையும் தன்மேல் விழும் திட்டாக எடுத்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டருக்குள் களைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். என் அக்கா மகன் அப்படித்தான். சிக்னலில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் நாலு வண்டி ஒரே நேரத்தில் கத்தினால் கை இரண்டையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிடுவான். அக்கா டேஷ்போர்டில் ஒரு சீட்டு ஒட்டினாள்: "1. பிரேக். 2. கிளட்ச். 3. நியூட்ரல். 4. சாவி. 5. அவர்கள் காத்திருப்பார்கள்." ஐந்தாவதுதான் அவனுக்கு வேலை செய்தது. ஆஃப் ஆகும்வரை காத்திருக்காமல், காலி ரோட்டில் வேண்டுமென்றே வண்டியை ஆஃப் செய்து அந்த ஐந்தையும் பழக்கினார்கள்.

வலது திருப்பத்தையும் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். முதலில் அம்பு சிக்னல் உள்ள சந்திப்பில் மட்டும். அது பழகிய பிறகு போக்குவரத்து குறைந்த முனை. நெரிசலான முனையில் திரும்பத் தோன்றவில்லையா, நேராகப் போய் அம்பு சிக்னல் உள்ள வேறு சந்திப்பில் திரும்பி வரலாம். பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்.

வெயில், சத்தம், வாசனை

காருக்குள் தொங்கும் வாசனை அட்டை, பயிற்சியாளர் போட்டுவைக்கும் எஃப்.எம்., மாலை மேற்கு வெயில், தோளில் உரசும் சீட் பெல்ட். பிள்ளை "ஓட்டப் பிடிக்கலை" என்று சொன்னால் முதலில் இவற்றைப் பாருங்கள். குளிர்கண்ணாடி, பெல்ட்டுக்குத் துணி உறை, மூடிய ஜன்னல் எல்லாம் சரி. காதை அடைக்கும் ஹெட்ஃபோன் மட்டும் கூடாது. ஆம்புலன்ஸ் சைரன் கேட்க வேண்டும்.

படிவத்தில் மறைப்பது

இதில் மட்டும் நான் கறார். எல்.எல்.ஆர். விண்ணப்பத்தோடு படிவம் 1 என்று உடல்தகுதிக்கான சுய உறுதிமொழி உண்டு. வலிப்பு உண்டா, திடீரென்று நினைவு தப்புமா, தலைசுற்றுமா என்று அது நேராகக் கேட்கிறது. ஓட்டினால் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கும் வேறு நோயோ குறைபாடோ இருக்கிறதா என்றும் கேட்கிறது. ஆட்டிசம் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களில் வலிப்பு இருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம். சின்ன வயதில் வந்து நின்றுபோனதாக இருந்தாலும், நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள். தூக்கம் வரவைக்கும் மருந்து சாப்பிடுபவர் என்றால் எந்த நேரத்தில் ஓட்டலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு அவசரப்படுவது

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆனதும் டெஸ்டுக்குப் போகலாம் என்பதால் 31-ஆம் நாளே போக வேண்டும் என்றில்லை. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். டெஸ்டில் தவறினால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம்; மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். தவறுவதும் நடைமுறையில் ஒரு படிதான் என்று தெரிந்தால் பதற்றம் குறையும். டெஸ்ட் நடக்கும் மைதானத்தை முன்பே ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வரிசை எங்கே, பிரேக் இன்ஸ்பெக்டர் எங்கே நிற்பார், எவ்வளவு நேரம் வெயிலில் காத்திருக்க நேரும் என்பதெல்லாம் தெரிந்தால் அன்றைக்குப் புதுசாக வருவது குறையும்.

உரிமம் வந்ததும் விட்டுவிடுவது

அட்டை கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது கடைசித் தவறு. முதலில் தெரிந்த இரண்டு மூன்று வழிகள் மட்டும், பகலில் மட்டும். மழையும் இரவும் ஒவ்வொன்றாக, பக்கத்தில் ஆளோடு.

போலீஸ் மறித்தால் என்ன செய்வது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசாமல், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்லும் இளைஞரை இரவு சோதனையில் நிறுத்தினால், குடித்திருக்கிறாரோ என்ற சந்தேகம் சுலபமாக வரும். பிள்ளைக்கு இப்படிப் பழக்குங்கள்: ஓரமாக நிறுத்து, இன்ஜினை அணை, கையை ஸ்டியரிங்கில் வை, "சார், எனக்கு ஆட்டிசம் இருக்கு, பதில் சொல்ல நேரம் ஆகும்" என்று சொல். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், உரிமம் மூன்றும் டிஜிலாக்கரில் இருக்கட்டும். பேச்சு வரவில்லை என்றால் காட்ட ஒரு அட்டையும், அதில் வீட்டு எண்ணும் இருக்கட்டும். ஒத்திகைக்குச் சித்தப்பாவையோ மாமாவையோ இன்ஸ்பெக்டராக நிற்கவையுங்கள். கொஞ்சம் அதட்டியே கேட்கட்டும்.