அமெரிக்க இயல்புவாதக் கதையைப் படிப்பது எப்படி?

பரம்பரை, சூழல் போன்ற சக்திகள் மனிதனை ஆட்டுவிப்பதைக் காட்டும் இலக்கியப் போக்குதான் இயல்புவாதம் (naturalism). அதன் அமெரிக்க வடிவத்தைத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் கோட்பாட்டு நூல்களைத் தேடிப் போகிறார்கள். அது அப்புறம் ஆகட்டும். ஜாக் லண்டனின் 'டு பில்ட் எ ஃபயர்' என்ற சிறுகதையில் தொடங்குங்கள். பழைய நூல்களைத் தரும் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். கையில் ஒரு பென்சிலும் தாளும் இருக்கட்டும்.

படி 1: பின்னணி, கொஞ்சம் மட்டும்

1859இல் டார்வினின் நூல் வந்தபின் மனிதனும் ஓர் உயிரினம்தான் என்ற எண்ணம் பரவியது. பரம்பரையும் சூழலும் மனிதனை எப்படி ஆட்டுவிக்கின்றன என்பதை நாவலாசிரியர் ஓர் ஆய்வாளரைப் போலக் கவனிக்க வேண்டும் என்று பிரான்ஸில் நாவலாசிரியர் எமில் ஸோலா 1880இல் எழுதினார். அமெரிக்காவில் அதற்குக் களம் தயாராக இருந்தது, மனிதனை ஆட்டுவிக்கும் பெருநகரங்கள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன: 1850இல் சுமார் 30,000 பேர் வாழ்ந்த சிகாகோ 1890இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

படி 2: தாளில் ஒரு கோடு

தாளின் நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் கதாநாயகன் எடுக்கும் முடிவுகள், மறுபக்கம் அவன் வசத்தில் இல்லாதவை: குளிர், உடம்பு, தற்செயல்.

கனடாவின் வடமேற்கில் உள்ள யூகான் பனிப்பகுதியில் ஒருவன் நாயோடு நடக்கிறான். இந்தக் குளிரில் தனியாகப் போகக்கூடாது என்று ஒரு பெரியவர் முன்பே எச்சரித்திருந்தார். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 75 டிகிரி ஃபாரன்ஹீட். பனிக்கடியில் மறைந்திருந்த தண்ணீரில் கால் நனைந்துவிடுகிறது. உடனே நெருப்பு மூட்டுகிறான், நன்றாகவே மூட்டுகிறான். ஆனால் மூட்டியது ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தடியில். சுள்ளியை இழுக்க இழுக்க மரம் லேசாக அதிர்கிறது. மேல்கிளையின் பனி சரிந்து, கீழ்க்கிளைகளின் பனியையும் சேர்த்துக்கொண்டு நெருப்பின்மேல் விழுகிறது.

அடுத்து வரும் தீக்குச்சிக் காட்சியை நிதானமாகப் படியுங்கள். விரல்கள் மரத்துவிட்டன. ஒரு குச்சியைப் பல்லால் கவ்விக் காலில் உரசுகிறான், அது பற்றி அணைகிறது. கடைசியில் எழுபது குச்சிகளையும் உள்ளங்கைகளின் அடிப்பகுதியால் அழுத்திப் பிடித்து ஒரே உரசலில் பற்றவைக்கிறான். தன் சதை கருகும் வாடை முதலில் தெரிகிறது, வலி பிறகுதான் வருகிறது. மனம் சொல்வதைக் கை கேட்கவில்லை. இயல்புவாதத்தை நான் இந்தப் பக்கத்தில்தான் புரிந்துகொண்டேன்.

படி 3: பழைய வடிவத்தோடு ஒப்பிடுங்கள்

இதே தலைப்பில் 1902இல் 'யூத்ஸ் கம்பேனியன்' என்ற இளையோர் பத்திரிகைக்கு லண்டன் ஒரு கதை எழுதியிருந்தார். அதில் கதாநாயகனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு. நாய் கிடையாது. அவன் பிழைக்கிறான், தனியாகப் போகக்கூடாது என்ற பாடமும் கற்கிறான். நீங்கள் இப்போது படித்த 1908 வடிவத்தில் பெயர் போய்விட்டது, நாய் வந்துவிட்டது, மனிதன் சாகிறான். இந்தக் குளிரில் நடமாடக்கூடாது என்பது தெர்மாமீட்டர் அறியாத நாய்க்குத் தெரிகிறது. அவன் இறந்ததை மோப்பத்தில் உணர்ந்ததும், உணவும் நெருப்பும் கிடைக்கும் முகாமை நோக்கி அது கிளம்பிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள், எந்த விளக்கவுரையும் தேவைப்படாது.

படி 4: தண்டனையாகப் படிக்காதீர்கள்

'பெரியவர் பேச்சைக் கேட்கவில்லை, செத்தான்' என்று முடித்துவிடத் தோன்றும். தோன்றினால் ஸ்டீபன் கிரேனின் 'தி ஓபன் போட்' கதையை எடுங்கள். கிரேன் பயணம் செய்த கமோடோர் கப்பல் 1897 ஜனவரியில் ஃபுளோரிடா கரைக்கு அப்பால் மூழ்கியது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கதையில் சிறு படகில் நான்கு பேர். அடிபட்ட கேப்டன் பிழைக்கிறார். ஓயாமல் துடுப்புப் போட்ட, நால்வரிலும் வலுவாக நீந்தும் பில்லி கரைக்குப் பக்கத்தில் இறந்துபோகிறார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. கடலுக்கு அவர்மேல் கோபமும் இல்லை.

படி 5: நகரத்துக்கு வாருங்கள்

தியோடர் டிரைசரின் 'சிஸ்டர் கேரி' (1900) பெரிய நாவல். இப்போதைக்கு மதுக்கடை மேலாளர் ஹர்ஸ்ட்வுட்டும் பணப்பெட்டகமும் வரும் அத்தியாயம் போதும். முதலாளிகளின் பணம் அவன் கையில் இருக்கிறது. எடுப்பதா, திரும்ப வைப்பதா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே பெட்டகம் பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டின் சத்தத்தைத் தாளில் போட்ட கோட்டின் எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்துப் பாருங்கள். என் தாளில் அது இரண்டு பக்கமும் இருக்கிறது.