ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: மூன்றாம் கட்சிக்கு வாக்களிக்க எண்ணுவோருக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தேர்தல் நெருங்கும் நாட்களில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும், தே தாரிக் ஆறுவதற்குள் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுத்துவிடுவார்: மூன்றாம் கட்சிக்குப் போடும் ஓட்டு ஆற்றில் கரைத்த புளி. 2022ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கவிருந்த என் அக்காள் மகள் இதைக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் எனக்குப் பிடிக்காத இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் போட வேண்டுமா, மாமா?” என்றாள். அன்று “உன் மனச்சாட்சிப்படி போடு” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது பதிலே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அதே ஆற்றை வைத்து நம் முன்னோர் சொன்ன இன்னொரு பழமொழியும் உண்டு. அதில் அளக்கச் சொல்கிறார்கள். எதை, எப்படி அளப்பது என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

உங்கள் தொகுதியில் மூன்றாமவர் யார்?

மலேசியாவில் நாடாளுமன்றத்திற்கு 222 தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வெற்றி பெறுகிறார். மற்றவர்கள் பெற்ற வாக்குகளுக்கு எந்த இடமும் ஒதுக்கப்படுவதில்லை. ஆகவே நாடு முழுவதிலும் ஒரு கட்சிக்கு எவ்வளவு செல்வாக்கு இருக்கிறது என்பதைவிட, உங்கள் தொகுதியில் அது எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதே உங்கள் வாக்கின் பயனை முடிவு செய்கிறது.

இதை மனத்தில் பதித்துக்கொள்ளப் பாகான் டத்தோ தொகுதியைப் பார்க்கலாம். பேராக்கின் கடலோரத்தில் தென்னையும் செம்பனையும் சூழ்ந்த அந்தத் தொகுதியில், 2022இல் தேசிய முன்னணிக் கூட்டணியின் அகமட் ஸாஹிட் ஹமிடி 348 வாக்குகள் வேறுபாட்டில் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி வேட்பாளரைத் தோற்கடித்தார். நாட்டிலேயே மிக அதிகமாக 82 இடங்களை வென்ற பக்காத்தான் ஹராப்பான் அங்கே மூன்றாம் இடத்தில்தான் வந்தது. அதாவது, பிரதமரைத் தந்த கூட்டணியே பாகான் டத்தோவில் ‘மூன்றாம் கட்சி’. இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. தேசிய முன்னணியை வீழ்த்தவே பக்காத்தானுக்கு வாக்களித்த அத்தொகுதிக்காரர், ஐந்து நாட்களில் அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றதையும், பின்னர் தம் தொகுதியில் வென்ற ஸாஹிட்டே அந்த அரசாங்கத்தில் துணைப் பிரதமரானதையும் பார்த்தார். அவர் வாக்கு வீணானதா, பலித்ததா என்று அவரிடமே கேட்டாலும் பதில் சொல்லத் திணறுவார்.

எனவே முதல் வேலை, நீங்கள் எந்தத் தொகுதி வாக்காளர் என்பதை உறுதி செய்துகொள்வது. இது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிக முக்கியம். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பியவர்கள் தானாகவே வாக்காளர்களாகப் பதிவு செய்யப்படுகிறார்கள். அடையாள அட்டையில் உள்ள முகவரியே அவர்களுடைய தொகுதியைத் தீர்மானிக்கிறது. லயத்து வீடு இடிக்கப்பட்டு, குடும்பம் ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ குடிபெயர்ந்த பின்பும் அட்டையில் தோட்டத்து முகவரியே இருந்தால், நீங்கள் வாக்களிக்க வேண்டிய இடம் பழைய ஊர்தான். ஷா ஆலாமில் கேட்ட செராமாவை (தேர்தல் பிரச்சாரக் கூட்டத்தை) நம்பிச் சுங்கை சிப்புட்டில் வாக்களிப்பது, ஓர் ஆற்றின் ஆழத்தைப் பார்த்துவிட்டு வேறோர் ஆற்றில் இறங்குவதற்குச் சமம்.

இரண்டு கணக்குகள், இரண்டு விடைகள்

அடுத்து, உங்கள் தொகுதியின் கடந்த தேர்தல் முடிவை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வென்றவர், இரண்டாமவர், இருவருக்கும் இடையிலான வேறுபாடு, நீங்கள் ஆதரிக்க நினைக்கும் கட்சி பெற்ற வாக்குகள் ஆகிய நான்கு எண்கள் போதும். ஒரே நாளில், ஒரே கட்சிக்கு நேர்ந்த இரண்டு அனுபவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த எண்களை வாசிப்பது எப்படி என்று புரியும்.

முதலாவது நம் ஊர். 2018 மே மாதப் பொதுத் தேர்தலில் சுங்கை சிப்புட்டில் பக்காத்தானைச் சேர்ந்த பிகேஆர் கட்சியின் வேட்பாளர் 20,817 வாக்குகளும், தேசிய முன்னணியைச் சேர்ந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வேட்பாளர் 15,210 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 5,607. மலேசிய சோசலிசக் கட்சியான பிஎஸ்எம்மின் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் பெற்றவை 1,505. இந்த 1,505 வாக்குகளும் அப்படியே ம.இ.கா.வுக்குப் போயிருந்தாலும் பிகேஆர்தான் வென்றிருக்கும். பிகேஆருக்குப் போயிருந்தால் வேறுபாடு கூடியிருக்கும், அவ்வளவே. “ஓட்டைப் பிரித்துவிடுவார்கள்” என்று அன்று எங்கள் ஊரில் எழுந்த கூச்சலுக்கு எண்களில் ஆதாரம் இல்லை.

இரண்டாவது, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த கேமரன் மலை. அதே தேர்தலில் அங்கே ம.இ.கா. வேட்பாளர் 10,307 வாக்குகளும் பக்காத்தானைச் சேர்ந்த ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) வேட்பாளர் 9,710 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 597. பிஎஸ்எம் பெற்றவை 680. இங்கே அந்தக் கூச்சலுக்கு இடம் உண்டு. ஆனால் இதையும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. பிஎஸ்எம் போட்டியிடாமல் இருந்திருந்தால் ஜசெக முந்துவதற்கு, அந்த 680 பேரில் குறைந்தது 598 பேர், அதாவது நூற்றுக்கு 88 பேர், ஜசெகவுக்கு வாக்களித்து, மீதிப் பேர் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். மீதிப் பேர் ம.இ.கா.வுக்கு வாக்களித்திருந்தால் 639 பேர் தேவைப்பட்டிருப்பார்கள். ஒரு சிறு கட்சியின் ஆதரவாளர்கள் அவ்வளவு ஒரே அச்சாக நடந்துகொள்வார்களா? மேலும், அதே தொகுதியில் இஸ்லாமியக் கட்சியான பாஸ் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. அதை யாரும் குறை கூறி நான் கேட்டதில்லை. பழி எப்போதும் மிகச் சிறியவன் தலையில்தான் விழும். அந்த முடிவையே வாக்குக்குப் பணம் கொடுக்கப்பட்டதற்காகத் தேர்தல் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் செல்லாது என்று அறிவித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழி இது. முதல் இருவருக்கும் இடையிலான வேறுபாடு, மூன்றாமவரின் வாக்குகளைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தால், எந்தப் பயமும் இல்லாமல் விரும்பியவருக்கு வாக்களிக்கலாம். வேறுபாடு அதைவிடக் குறைவாக இருந்தால், முதல் இருவரில் யார் வந்தாலும் உங்களுக்கு ஒன்றுதானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையிலேயே ஒன்றுதான் என்றால் கணக்குக்கு வேலையே இல்லை. ஒருவர் வந்தால் தமிழ்ப்பள்ளிக்கோ, வீட்டுமனைக் கோரிக்கைக்கோ, உங்கள் சம்பளத்துக்கோ நிச்சயமாகக் கேடு என்று நீங்கள் நம்பினால், அந்தத் தொகுதியில், அந்தத் தேர்தலில், மூன்றாமவரை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பழைய எண்களும் சில நேரம் ஏமாற்றும். 2018 தேர்தலுக்குச் சற்று முன்பு தீபகற்பத்தில் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டன. இப்படி எல்லை மாறிய பின் பழைய கணக்கை அப்படியே நம்பக்கூடாது. கூட்டணி மாறினாலும் அதே கதிதான்.

ஆளா, சின்னமா?

டாக்டர் ஜெயகுமாரின் கதையைச் சுங்கை சிப்புட்காரனாகிய நான் சுருக்கமாகச் சொல்லிக் கடக்க முடியாது. 1974 முதல் இத்தொகுதி ம.இ.கா.வின் நீண்டகாலத் தலைவர் ச. சாமிவேலுவின் கோட்டையாக இருந்தது. ஜெயகுமார் 1999இல் ஜசெக சின்னத்திலும் 2004இல் பிகேஆர் சின்னத்திலும் நின்று தோற்றார். 2008இல் மீண்டும் பிகேஆர் சின்னத்தில் நின்று, 1,821 வாக்குகள் வேறுபாட்டில் சாமிவேலுவை வீழ்த்தினார். 2013இல் அதே சின்னத்தில் 21,593 வாக்குகளுடன் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார். 2018இல் பக்காத்தானுடன் உடன்பாடு ஏற்படாமல், தம் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்றபோது, முன்பு சொன்ன 1,505 வாக்குகளே கிடைத்தன. அதே மருத்துவர், அதே ஊர், தோட்டப் பாட்டாளிகளின் வழக்குகளுக்காக அலைந்த அதே மனிதர். சின்னம் மட்டும் மாறியது. இருபதாயிரம் வாக்குகள் மாயமாயின.

இதைக் கேட்டு எங்கள் மக்களை நன்றி கெட்டவர்கள் என்று சிலர் ஏசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுபது ஆண்டுகளாக மாறாத ஆட்சியை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அந்த ஆண்டு இருந்தது. அதற்குத் தங்கள் தொகுதியும் ஓர் இடம் தரவேண்டும் என்று அவர்கள் அளந்தே போட்டார்கள். ஆனால், சிறு கட்சிக்காரர் ஒருவர் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கிறாரா, தம் சின்னத்திலேயே நிற்கிறாரா என்பதை வேட்புமனுத் தாக்கல் நாளன்று கவனிக்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. இளைஞர்கள் தொடங்கிய மூடா கட்சியும் இதையே காட்டுகிறது. 2022 மார்ச் ஜொகூர் தேர்தலில், பக்காத்தான் விட்டுக்கொடுத்த புத்திரி வங்சாவில் அது வென்றது. 2023 ஆகஸ்ட் மாநிலத் தேர்தல்களில் தனித்து நின்ற 19 இடங்களிலும் வைப்புத்தொகையை இழந்தது.

வாக்கு வேறு எதைச் செய்யும்?

வெற்றி ஒன்றே பயன் என்றால் தோற்றவருக்குப் போட்ட எல்லா வாக்குகளும் வீண்தான். இரண்டாம் இடத்தில் வந்தவருக்குப் போட்டவையும் அப்படியே. வாக்கு வேறு சில காரியங்களையும் செய்கிறது.

ஒன்று, வைப்புத்தொகை. நாடாளுமன்ற வேட்பாளர் 10,000 ரிங்கிட்டும் சட்டமன்ற வேட்பாளர் 5,000 ரிங்கிட்டும் கட்ட வேண்டும். எட்டில் ஒரு பங்கு வாக்குகள் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. பெரிய கட்சிக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு; உண்டியல் குலுக்கிப் பணம் சேர்க்கும் கட்சிக்கு அடுத்த தேர்தலில் நிற்பதா, வேண்டாமா என்ற கேள்வி. நூற்றுக்குப் பத்துப் பதினொன்று என்ற அளவில் இருக்கும் கட்சிக்கு உங்கள் வாக்கு மிகுந்த மதிப்புடையது. நூற்றுக்கு மூன்று என்ற நிலையில் இருந்தால், வைப்புத்தொகையைக் காப்பாற்றலாம் என்று கனவு காண வேண்டாம். 2025 ஏப்ரலில் தாப்பா பக்கத்து ஆயர் கூனிங் இடைத்தேர்தலில் பிஎஸ்எம் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகள் பெற்றும் வைப்புத்தொகையை இழந்தது.

மற்றொன்றை வெளியூர்க்காரர்கள் அதிகம் அறிவதில்லை. வாக்குச் சாவடியில் நம்மைப் பிரித்து அனுப்பும் சாலுரான்கள் (வாக்களிப்பு வரிசைகள்) பெரும்பாலும் வயது வரிசைப்படி அமைக்கப்படுகின்றன: முதல் சாலுரானில் முதியவர்கள், கடைசியில் இளையவர்கள். வாக்குகளும் சாலுரான் வாரியாகவே எண்ணப்பட்டு, போராங் 14 என்ற படிவத்தில் எழுதப்படுகின்றன. ஆகவே, உங்கள் தமிழ்ப்பள்ளிச் சாவடியின் கடைசிச் சாலுரானில் ஒரு சிறு கட்சிக்கு நாற்பது வாக்குகள் விழுந்தால், இளையோர் மனம் எங்கே போகிறது என்பதை மறுநாளே எல்லாப் பெரிய கட்சிகளின் ஏஜெண்டுகளும் அறிந்துகொள்வார்கள். இரகசிய வாக்குதான், ஆனால் கூட்டமாகப் பார்த்தால் அது பேசும்.

அந்தக் கட்சி இத்தகைய வாக்குக்குத் தகுதியானதா என்பது தனிக் கேள்வி. தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு மட்டும் கொடி கட்டுகிறதா, இடைப்பட்ட ஆண்டுகளில் தோட்டத்தில் வீடிழந்தவர்களோடு தொழிலாளர் அலுவலகத்துக்கு வந்ததா என்று விசாரியுங்கள். யாருடைய வாக்கைக் குறைப்பதற்காக, யாருடைய பணத்தில் நிறுத்தப்பட்டார் என்று ஊரே முணுமுணுக்கும் சுயேச்சைகளும் உண்டு. அவர்களுக்கு அனுதாப வாக்கு வேண்டாம்.

இரண்டு சீட்டு இருந்தால்

பேராக்கில் 2022இல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் வாக்களித்தோம். சுங்கை சிப்புட்காரர்களுக்கு நாடாளுமன்றச் சீட்டு ஒன்று. லிந்தாங் அல்லது ஜாலோங் சட்டமன்றச் சீட்டு ஒன்று. இரண்டையும் ஒரே கட்சிக்குத்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நாடாளுமன்றத்தில் போட்டி நெருக்கமாகவும் சட்டமன்றத்தில் வேறுபாடு பெரிதாகவும் இருந்தால், முதலாவதில் கணக்கையும் இரண்டாவதில் விருப்பத்தையும் பின்பற்றலாம். 2022இல் இங்கே நாடாளுமன்ற வேறுபாடு 1,846 மட்டுமே என்பதால், இந்த வழி வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இராது.

மாநில அவையில் மூன்றாம் இடம் என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. அந்தத் தேர்தலில் பேராக்கின் 59 இடங்களில் பெரிக்காத்தான் 26, பக்காத்தான் 24, தேசிய முன்னணி 9 பெற்றன. ஒன்பது இடங்களோடு மூன்றாவதாக வந்த அணியிலிருந்தே மந்திரி புசார் (மாநில முதல்வர்) வந்தார். தொகுதியில் மூன்றாவதாக வந்தவருக்கு ஒன்றும் இல்லை. அவையில் மூன்றாவதாக வந்தவரைத்தான் மற்ற இருவரும் தேடி வருகிறார்கள். ஆகவே, உங்கள் மூன்றாம் கட்சி வேறு எங்காவது வெல்லும் நிலையில் இருக்கிறதா என்பதையும், வென்றபின் யாரோடு சேரும் என்பதையும் வேட்பாளரிடம் நேரில் கேளுங்கள். 2022 அக்டோபர் 5இல் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், நாடாளுமன்ற உறுப்பினர் தம் கட்சியை விட்டு விலகினால் இடத்தை இழக்கச் செய்கிறது. ஆனால், கட்சியே மொத்தமாக வேறு அணியோடு சேர்ந்துகொண்டால் அது தடுப்பதில்லை.

என் அக்காள் மகளுக்கு இப்போது இந்தக் கணக்கெல்லாம் தெரியும். அடுத்த முறை யாருக்குப் போடுவாள் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு வேலை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்: சிறு கட்சிகளுக்கு எப்போதுமே எண்ணும் ஏஜெண்டுகள் போதாமல் போகிறார்கள், அவளுக்குப் பிடித்த கட்சி அந்த நேரத்தில் ஆள் தேடினால், கடைசிச் சாலுரானில் உட்கார்ந்து போராங் 14இன் எண்களைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டு வரவேண்டும்.