அப்பாவுக்கு புரோஸ்டேட் கேன்சருக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்களா? எலும்பையும் கவனிங்க

லூப்ரோலைடு மாதிரி ஊசி டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோனை அடியோட குறைச்சிடும், கேன்சருக்கு அது நல்லது, ஆனா எலும்புக்கு அடி. பலருக்கும் தெரியாத விஷயம், ஆம்பளைங்க உடம்புலயும் டெஸ்டோஸ்டிரோன்ல ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோனா மாறுது, எலும்பு கரையாம பாத்துக்குறதுல அதுக்குத்தான் பெரிய பங்கு, அதனால ஒண்ணு கொறைஞ்சா ரெண்டும் போச்சு. முதல் வருஷத்துலயே தேய்மானம் வேகமா இருக்கும்.

அதனால ஊசி ஆரம்பிக்கும்போதே எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுத்துடுங்க, அதுல வர்ற டி-ஸ்கோர்ங்கற எண் -2.5 இல்ல அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு சுலபமா முறியுற நிலை. வைட்டமின் டி ரத்த டெஸ்டும் சேத்து பாத்துடுங்க. கால்சியம் ஒரு நாளைக்கு 1000-லேருந்து 1200 மில்லிகிராம் வேணும், கேழ்வரகு, தயிர், முள்ளோட நெத்திலின்னு சாப்பாட்டுலயே முடிஞ்சவரைக்கும் எடுத்துட்டு பாக்கிக்கு மட்டும் மாத்திரை. நடக்குறது மட்டும் பத்தாது, சேர்ல உக்காந்து எழுந்திரிக்கிற மாதிரி தசைக்கு வேலை குடுக்கணும். சிகரெட், சரக்கு ரெண்டையும் விட்டுரணும், பாத்ரூம்ல பிடிமானக் கம்பி வைங்க.

டாக்டர் எலும்பைக் காக்குறதுக்கு சோலட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப்னு ஊசி மருந்து எழுதினா முதல்ல பல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க, பல் புடுங்குற வேலை இருந்தா முன்னாடியே முடிச்சிடணும், இல்லன்னா தாடை எலும்புல பிரச்சனை வரலாம் (அபூர்வம்தான்). டெனோசுமாப்பை நீங்களா நடுவுல நிறுத்தாதீங்க, நிறுத்தினா முதுகெலும்பு முறிவு வர வாய்ப்பிருக்கு. எலும்புக்குன்னு டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர் பவுடர் எதையும் வாங்கிக் குடுக்கவே குடுக்காதீங்க, திடீர்னு முதுகு வலி வந்தா வயசுன்னு விடாம அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க.