கிளைடருக்குத் தண்ணீர் பிடிப்பது எப்படி

என் மனைவி கிளைடர் ஓட்டுகிறாள். நான் தண்ணீர் பிடிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெனல்லாவில், 1987லும் 2017லும் உலகக் கிளைடர் போட்டி நடந்த ஊரில், எங்கள் கோடைக்காலை குழாயடியில்தான் விடியும்.

எஞ்சின் இல்லாத விமானத்தில் தண்ணீரை ஏற்றிப் பாரம் கூட்டுவது எதற்கு என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். பாரம் கூடினால் சறுக்கும் தூரம் குறையாது, அதே தூரத்தை வேகமாகக் கடக்கலாம். மணிக்கு 90 கிலோமீட்டரில் நன்றாகச் சறுக்கும் 331 கிலோ கிளைடரை 525 கிலோவாக்கினால், அதே சறுக்கல் 113இல் கிடைக்கும். ஆனால் மேலே எழும் வெப்பக்காற்றில் சுற்றி ஏறும்போது வட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகிவிடும், ஏற்றமும் மந்தம். அதனால்தான் வேண்டாதபோது கொட்டிவிடக்கூடிய பாரமாகத் தண்ணீரை வைத்தார்கள்.

முதலில் கணக்கு. நாங்கள் போட்டியிடும் பிரிவான ஸ்டாண்டர்ட் வகுப்பில் உச்ச எடை 525 கிலோ. எங்கள் கிளைடர் வெறுமையாக 256. அவள் 58, பாராசூட் 7. இருக்கையில் குறைந்தது 70 கிலோ இருக்க வேண்டும் என்று கையேடு சொல்வதால் ஈயத்தகடு 5. குடிதண்ணீரும் சாப்பாடும் 5. மொத்தம் 331. மீதி 194 லிட்டர்: வாலில் 4, இறக்கைக்கு 95 வீதம். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் கணக்கு சுலபம்.

குடிதண்ணீரை மறக்காதீர்கள். ஒரு வருடம் நான் மறந்தேன். ஓடுபாதைக்குப் போகும் வழியில் எடை மேடையில் ஏற்றினால் 5 கிலோ அதிகம். அப்படியே பறந்தால் புள்ளி வெட்டுவார்கள். பதற்றத்தில் இடது வால்வை மட்டும் திறந்து 5 லிட்டர் விட்டேன். எடை சரியானது. அப்புறம் பார்த்தால் வலது இறக்கை தரையை விட்டு எழும்பவே மாட்டேன் என்றது.

இதே ரகக் கிளைடர் ஓட்டும் பக்கத்துக்காரர் 100 கிலோ ஆள். அவருக்கு ஈயம் வேண்டாம், 157 லிட்டர் போதும். வெயில் கொளுத்தி வெப்பக்காற்று பலமாக எழும் நாளில் இருவரும் அதே 525 கிலோவில் கிளம்புகிறார்கள். யார் ஒல்லி என்பது அங்கே செல்லாது. வெப்பக்காற்று சோர்ந்த நாளில் இருவரும் தண்ணீரைக் கொட்டினால் இவள் 331, அவர் 368. அன்று இவள் பாடு கொண்டாட்டம். தண்ணீருக்கே தடை உள்ள கிளப் வகுப்பில் நல்ல வெயில் நாள் கனத்தவருக்குச் சாதகம். அதனால் அங்கே கிளைடர்களைச் சமப்படுத்த ஹேண்டிகேப் என்ற மதிப்பெண் திருத்தம் போடும்போது எடையையும் பார்க்கிறார்கள். நியாயம்தான், ஆனாலும் எனக்கு 525 என்ற ஒரே கோடுதான் பிடித்திருக்கிறது.

இனி நிரப்புவது. குழாய் ஹோஸை நேராகச் செருகாதீர்கள். அந்த அழுத்தத்தில் இறக்கைக்குள் இருக்கும் தொட்டி உடையலாம். உயரத்தில் வைத்த கேனிலிருந்து தானாக இறங்கட்டும். தொட்டியின் காற்றுத்துளையில் டேப்போ பூச்சிக்கூடோ இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். 20 லிட்டர் கேனில் நான்கு, ஐந்தாவதில் 15 லிட்டர் கோடு வரை. அவ்வளவுதான் ஒரு இறக்கைக்கு. நிரப்பியதும் நுனியைப் பிடித்து இறக்கைகளைச் சமமாக்கி, கையை மெல்ல எடுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விடுங்கள். விட்டபின் மறுபடி எடை பாருங்கள்.

வால் தொட்டியில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இறக்கைத் தண்ணீர் ஈர்ப்பு மையத்தைச் சற்று முன்னால் தள்ளும். அதைச் சரிக்கட்டத்தான் வாலில் 4 லிட்டர். இறக்கை காலியாகி வால் மட்டும் நிறைந்திருந்தால் மையம் பின்னால் போய், கிளைடர் சுழன்று விழும் அபாயம் உண்டு. உயரத்தில் குளிர்ந்தால் முதலில் உறைவதும் அதுதான். தினமும் காலையில் தண்ணீர் கொட்டும் நெம்புகோலை அவளை இழுக்கச் சொல்லி, வாலடியில் கை வைத்து, விரல் நனைகிறதா என்று பார்ப்பேன்.

இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பே கொட்டிவிட வேண்டும், கீழே வேறு கிளைடர் எதுவும் சுற்றவில்லை என்று பார்த்துக்கொண்டு. மாலையில் நான் வால்வுகளைத் திறந்தே வைத்துவிட்டு வருவேன், உள்ளே காயட்டும் என்று.